கூடாரங்களோடு ஒட்டுத் துணியும் வழங்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

திருகோணமலை நகரில் 31 ஆண்டுகளாக முச்சக்கர வண்டிகளுக்கு ஹூட் தைப்பதும், லொறிகளுக்குத் தறப்பாள் தைப்பதும், இருக்கைகளுக்குக் குஷன் அடிப்பதுமாகத் தொழில் செய்து வருபவன் நான். என் தந்தையார் திருக்கடலூரில் கரைவலைத் தொழிலை நடத்திய சம்மாட்டியாக இருந்தவர். ஆகையால் கடற்றொழிலாளர்கள் கரையில் தங்கும் குடில்களான வாடிகளின் நிலை சிறுவயது முதலே எனக்குப் பழக்கமானது. வாடைக்காற்று தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கும் இவ்வேளையில், கடற்கரையிலும் வீட்டு முற்றங்களிலும் கிழிந்து கிடக்கும் கூடாரங்களையும் தறப்பாள்களையும் பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன்.

இதை எழுதத் தூண்டியது, கடந்த ஆடி மாதம் என் கடைக்கு வந்த ஒரு கூடாரம். நிலாவெளிப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர் அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். ரொறன்ரோவில் வசிக்கும் அவருடைய மைத்துனர், தாம் பாவித்துப் பழசாகிப்போன அந்தக் கூடாரத்தை, கப்பலில் அனுப்பிய உடுப்புப் பெட்டியோடு சேர்த்து அனுப்பியிருந்தார். அந்த நகரத்துக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரி, தை மாசி மாதங்களில் மேற்பரப்பு உறைந்து, மனிதர் நடக்கக்கூடிய அளவுக்குக் கெட்டியாகிவிடும்; அந்தப் பனிக்கட்டியில் துரப்பணத்தால் துளையிட்டு, துளையருகே அமர்ந்து தூண்டில் போடுவார்கள்; குளிர்காற்றுக்கு மறைப்பாகத் துளைக்கு மேலே விரித்து நிறுத்தும் கூடாரம்தான் அது. பனிக்கட்டிக்கென்று செய்யப்பட்ட பொருள் எமது கரையில் எதற்கு உதவும் என்று கேட்டேன். அவர் அதைக் கடை வாசலில் விரித்துக் காட்டினார்.

பார்த்த பிறகு எனக்கு ஐயம் இருக்கவில்லை. கீழே துளையிட்டுத் தூண்டில் விடவேண்டும் என்பதால் அந்தக் கூடாரத்துக்குத் தரைச்சீலை கிடையாது. எனவே மணலில் அப்படியே நிறுத்தலாம். சுவர்களின் அடியில் ஒரு சாணுக்கு மேல் அகலமான விளிம்புச்சீலை சுற்றிவரத் தொங்குகிறது. அங்கே அதன்மேல் பனியை வாரிக் குவித்துக் காற்றை அடைப்பார்கள், இங்கே இவர் மணலை வாரிக் குவிக்கிறார். துளைக்குள் நீரின் ஆழத்தைப் பார்ப்பதற்கு வசதியாக உட்புறம் கறுப்பாக இருப்பதால், இரவு முழுவதும் கடலில் நின்றுவிட்டு வந்தவர் பகலில் சற்றுக் கண்ணயர அது இதமாக இருக்குமாம். வெப்பம் காக்கும் பஞ்சடைப்பு இல்லாத ஒற்றைச்சீலைக் கூடாரமாக அது இருந்தது நல்வாய்ப்பு; பஞ்சடைத்ததாக இருந்திருந்தால் எமது வெயிலில் உள்ளே ஒரு நாழிகைகூட இருக்க முடிந்திராது. பனிக்கட்டியில் திருகி இறக்கும் ஆணிகள் மட்டும் மணலில் பிடிக்கவில்லை. அவற்றுக்குப் பதிலாக மணல் நிரப்பிய உரப்பைகளைப் புதைத்துக் கயிறு கட்டியிருந்தார். இரண்டு பருவங்கள் வலைக்கும் இயந்திரத்துக்கும் காவலாக அதற்குள்ளே படுத்திருக்கிறார். மூன்றாவது பருவத்தில் ஒரு கச்சான் காற்று நாளில் மூலை கிழிந்துவிட்டது.

கிழித்தது காற்று என்று அவர் சொன்னார். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இவ்வகைக் கூடாரங்களில் ஒவ்வொரு சுவரின் நடுவிலும் கூரையின் நடுவிலும் ஒரு மூட்டு இருக்கும். அந்த மூட்டிலிருந்து நான்கு மூலைகளுக்கும் பைபர் கிளாஸ் கம்பிகள் செல்லும். மூட்டிலுள்ள வாரைப் பிடித்து வெளியே இழுத்தால் கம்பிகள் வில்லாக வளைந்து சீலையை இறுக்கி நிறுத்தும். ஆகவே, கூடாரம் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு கணமும் கம்பியின் நுனி மூலைச்சீலையைக் குத்திக்கொண்டே இருக்கிறது. மூட்டுக்கும் சீலைக்கும் இடையே புகுந்த மணலும் உப்பும் அரம் போல அராவுகின்றன. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் நூலின் வலுவை உறிஞ்சுகின்றன. இத்தனையும் பல மாதங்கள் நடந்து முடிந்த பிறகு காற்று வந்து கடைசி இழையை அறுக்கிறது. முதல் மாதத்திலேயே மூலையைத் தடவிப் பார்த்திருந்தால், மேற்பூச்சு தேய்ந்து துணியின் நெசவு வெளியே தெரிவதை விரல் உணர்ந்திருக்கும். அப்போது உள்ளங்கை அகல ஒட்டு ஒன்று போதுமாயிருந்திருக்கும். என்னிடம் வந்தபோது கிழிசல் ஒரு முழ நீளம்.

அதை எவ்வாறு சரிசெய்தேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வாடியில் இருப்பவர்கள் தாமாகவே செய்துகொள்ளக்கூடிய வேலை இது; தவறாகச் செய்து சீலையை மேலும் கெடுத்துக்கொண்டவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊசியைத் தொடுமுன் சீலையைக் கழுவ வேண்டும். கடற்கரையில் நின்ற சீலையில் உப்பு ஊறியிருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் நிலைக்காது. நன்னீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். சலவைச்சோடாவும் வெளிறச்செய்யும் தூளும் கூடாது. நிழலில், காற்றோட்டமாக, முழுவதும் உலர விட வேண்டும். இந்தக் கூடாரத்தின் உட்புறத்தில் சில இடங்கள் கைபட்டால் ஒட்டின. புளித்த வாடையும் வந்தது. நீர் புகாமலிருக்கத் துணியின் உட்பக்கத்தில் பூசப்படும் பொலியூரித்தேன் பூச்சு, ஈரத்தோடு மடித்து வெப்பத்தில் வைக்கப்பட்டால் இவ்வாறு சிதைந்து பிசுபிசுக்கும். அந்த இடங்களைச் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, உதிர்வதை உதிர்த்த பின்னரே ஒட்டுப்போட முடிந்தது. குளிர்தேசத்தில் பல ஆண்டுகள் கெடாமலிருக்கும் பூச்சு, ஈரமாக மடித்து வைத்தால் எமது ஊரில் வெகு விரைவில் கெட்டுவிடும் என்பதை இவ்வாறான பொருள்களை இங்கே அனுப்புபவர்களும் பெறுபவர்களும் அறிந்திருப்பது நல்லது.

கிழிசலின் இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி இழுத்துத் தைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அப்படித் தைத்தால் அந்தச் சுவர் ஓர் அங்குலம் குறைந்துவிடும். கம்பி வளையும்போது அந்தக் குறையை ஈடுசெய்ய அடுத்த மூலை இழுபடும். அடுத்த மாதம் அது கிழியும். ஓரங்களை ஒன்றோடொன்று தொட்டபடி வைத்து, உள்ளும் புறமும் ஒவ்வோர் ஒட்டு வைத்து, கிழிசலுக்கு அப்பால் எல்லாப் பக்கமும் 3 சென்ரிமீற்றராவது ஒட்டு நீளும்படி தைக்க வேண்டும். ஒட்டின் மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மூலைதான் முதலில் உரியும். கையாலோ இயந்திரத்தாலோ தைக்கலாம். இயந்திரத்தில் தைப்பவர்கள் 16ஆம் அல்லது 18ஆம் இலக்க ஊசியைப் பாவித்து, தையலை 3 முதல் 4 மில்லிமீற்றர் வரை நீளமாக வைக்க வேண்டும். நெருக்கமான தையல் உறுதியானது என்று எண்ணிப் பலர் பொடித்தையல் போடுகிறார்கள். முத்திரைத்தாளில் துளை வரிசை இருப்பது போல, அந்த நெருக்கமான துளைகள் சீலை நேராகப் பிய்ந்து வருவதற்கே வழிசெய்கின்றன.

நூல் பொலியெஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிவிடும். வாடியில் கைக்கு எட்டுவது நைலோன் இழையான தங்கூசி என்பதால் அதனாலேயே தைத்துவிடுகிறார்கள். அது வழுக்கும் இழை, முடிச்சு நிற்காது, இழுபடும் போதெல்லாம் கத்தி போலச் சீலையை அறுக்கும். வலை பொத்துவதில் எமது தொழிலாளர்களுக்கு உள்ள கைத்திறன் உலகில் எவருக்கும் குறைந்ததல்ல. ஆனால் வலைக்கு ஏற்ற இழை சீலைக்கு ஏற்றதாகாது. தைத்து முடிந்ததும் ஊசித்துளைகளின்மேல், தையலை அடைப்பதற்கென்று விற்கப்படும் பசையை மெல்லிதாகப் பூசி 24 மணித்தியாலம் காயவிட்டேன்.

ஏனையவை சுருக்கம். சிப்பின் பற்கள் பிளாஸ்ரிக் என்பதால் நன்றாகவே இருந்தன. அவற்றின்மேல் ஓடும் உலோகச் சறுக்கிதான் உப்பில் அரித்து அகன்று, பற்களைச் சேர்க்காமல் விட்டது. சறுக்கியை மட்டும் மாற்றி, பற்களில் மெழுகுதிரியைத் தேய்த்தேன். குளிரில் வெடித்திருந்த யன்னல் பிளாஸ்ரிக்கை வெட்டி எடுத்துவிட்டு, முச்சக்கர வண்டி ஹூட்டின் பின்யன்னலுக்குப் போடும் தெளிந்த பிளாஸ்ரிக்கைத் தைத்தேன். நெடுகப் பிளந்திருந்த கம்பி ஒன்றை எடுக்கும்போது அதன் சிலாம்பு கையில் ஏறியது; பைபர் கிளாஸ் சிலாம்பு கண்ணுக்குத் தெரியாது, எளிதில் வெளியே வராது, ஆகையால் கையுறை இல்லாமல் அவ்வேலையைத் தொடக்கூடாது.

கூரையோரத்தில் இருந்த காற்றுவழிகள் இரண்டையும் அவர் மழை புகுகிறதென்று தைத்து அடைத்திருந்தார். அவற்றை நான் பிரித்துவிட்டேன். அங்கே கூடாரத்துக்குள் வாயு அடுப்பை ஏற்றிக் குளிர்காய்பவர்கள் உண்டு; அவ்வாறு எரியும் அடுப்பிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாமல் உயிரைப் பறிக்கக்கூடியது என்பதாலேயே அந்தக் காற்றுவழிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. எமது வாடிகளில் அடுப்பு இல்லாவிட்டாலும் மண்ணெண்ணெய் விளக்கும் நுளம்புச்சுருளும் இரவு முழுவதும் எரிகின்றன. மழைத்துளி விழுந்தால் துடைக்கலாம். காற்றுவழியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைத்துத் தைக்க வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி வேண்டுகோளுக்கு வருகிறேன். ஒட்டுக்குத் துணி தேடியபோது என் கடையில் இருந்தது ரெக்சின்தான். ரெக்சின் தடிப்பானது, விறைப்பானது. ஒட்டு, சீலையைவிட முரடாக இருந்தால் அந்த ஒட்டின் விளிம்பிலேயே அடுத்த கிழிசல் தொடங்கும். அந்தக் கூடாரமோ மெல்லிய ஒக்ஸ்போர்ட் நெசவுப் பொலியெஸ்டர். நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, கூடாரத்தின் பையை உதறிய அவருடைய மகன், உட்பையில் இருந்து அதே நிறத்தில், அதே நெசவில், மடித்து வைத்த துணித்துண்டு ஒன்றையும் மாற்றுக்கம்பி ஒன்றையும் எடுத்துத் தந்தான். கனடாவில் இருந்த மைத்துனர் என்றோ ஒருநாள் உதவும் என்று பாதுகாத்து வைத்திருந்தவை அவை. அந்தத் துண்டு இல்லாதிருந்தால் இரண்டு மாதம்கூடத் தாங்காத ஒட்டு ஒன்றைத்தான் நான் போட்டுக் கொடுத்திருப்பேன்.

எமது மாவட்டத்துக்கு எத்தனை முறை கூடாரங்கள் வந்திருக்கின்றன என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரம் முழுவதும் கூடாரங்களாக நின்றது. 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் தறப்பாளின் கீழே இருந்தார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையைக் கடந்தபோதும் தறப்பாளே தேடப்பட்டது. அக்காலங்களில் என் கடைக்கு வந்த கூடாரங்களையும் தறப்பாள்களையும் எண்ணிப் பார்க்கிறேன். அவற்றில் ஒன்றோடுகூட, ஒரு சாண் ஒட்டுத் துணி வந்து நான் காணவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் ஒரு தாயார், தமக்கு வழங்கப்பட்ட கூடாரத்தின் வாசற்சீலை கிழிந்துவிட்டதென்று வழங்கிய இடத்திலேயே போய்க் கேட்டபோது, பதிவு முடிந்துவிட்டது, இனி ஒன்றும் தரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்தார். என்னிடமும் பொருத்தமான துணி இல்லை. சேலை ஒன்றை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். அது மழையை மறைக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றுவரை அது என் மனதை விட்டு அகலவில்லை.

தறப்பாளின் நிலை இன்னும் கடினமானது. நிவாரணமாகப் பொதுவாக வழங்கப்படும் தறப்பாள், நெய்த பொலித்தீன் இழையின்மேல் இருபுறமும் பொலித்தீன் படலம் படிந்தது. பொலித்தீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. சைக்கிள் ரியூப்புக்குப் போடும் சொலுயூஷனைத் தடவி ஒட்டிப் பார்த்தவர்கள் அடுத்த நாளே அது உரிந்து வருவதைக் கண்டிருப்பார்கள். அதற்கு அதே தறப்பாள் துண்டை இருபுறமும் வைத்துத் தைப்பதே வழி. கயிறு கட்டும் கண்கள் பிய்ந்துவிட்டால், அந்த இடத்தில் மறுபடி துளையிடாமல், சிறிய உருண்டைக் கல் ஒன்றைச் சீலைக்குள் வைத்துப் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்ட வேண்டும். என் தந்தையார் காலத்தில் பாய்ச்சீலைக்கும் படங்குக்கும் இப்படித்தான் கட்டினார்கள். துளை இல்லாததால் கிழிசல் தொடங்குவதற்கு இடமும் இல்லை.

கவனிக்காமல் விடப்பட்ட பொலித்தீன் சீலை வெயிலில் நொறுங்கி, நாராகி, பிறகு தூளாகிறது. நிலாவெளி மணலில் நீல நிறத் தூளை நான் கையால் அள்ளியிருக்கிறேன். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாமலைத் தீவும் அதைச் சூழ்ந்த முருகைக்கற்களும் அந்தக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கின்றன. தூளானதை எவராலும் திரும்ப அள்ளிவிட முடியாது. சீலையாக இருக்கும்போது தைத்துக்கொள்ளலாம்.

ஆகையால் மூன்று தரப்பினரிடம் வேண்டிக்கொள்கிறேன். கூடாரமோ தறப்பாளோ வழங்கும் அரச அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும், கொள்வனவு செய்யும்போதே, ஒவ்வொன்றோடும் அதே சீலையில் ஒரு முழத் துண்டு, பொலியெஸ்டர் நூல், ஒரு கோணி ஊசி, சிப் உள்ளதாயின் ஒரு சறுக்கி, கம்பி உள்ளதாயின் ஒரு மாற்றுக்கம்பி ஆகியவற்றைச் சேர்த்துத் தரவேண்டும் என்று கேட்டு வாங்கட்டும். பொதியின் மொத்தச் செலவில் இது மிகச் சிறிய பங்கே. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், வாடைக்கு முன்னர் வலையும் வள்ளமும் பார்ப்பது போல, ஒருநாள் வாடிச் சீலைகளையும் விரித்துப் பார்க்க ஒழுங்கு செய்யட்டும். வெளிநாட்டிலிருந்து உறவினருக்குக் கூடாரம் அனுப்பும் எம்மவர்கள், பாரம் குறையட்டும் என்று பையையும் கம்பிகளையும் எடுத்துவிட்டு அனுப்பாமல், கிழிந்த துண்டாக இருந்தாலும் அதே துணியில் கொஞ்சம் வைத்து அனுப்பட்டும். முற்றாகப் பழுதடைந்த கூடாரம் ஒன்றைக்கூட எறியாமல் அனுப்பினால், அதன் நல்ல பகுதிகளிலிருந்து வேறு நான்கைத் தைத்துவிடலாம்.

என் பங்குக்கு, புரட்டாதி மாதச் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணி முதல் என் கடையைச் சீலை தைக்கும் வேலைக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். தறப்பாளோ கூடாரமோ எதுவாயினும், உரியவரே அமர்ந்து தம் கையால் தைக்கக் கற்றுக்கொள்ளலாம். கூலி இல்லை, நூலும் ஊசியும் நான் தருவேன். இயந்திரம் ஓட்டத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம், வலை பொத்தத் தெரிந்த கை இரண்டு பிற்பகல்களில் இதைக் கற்றுக்கொள்ளும். வருபவர்கள் சீலையை நன்னீரில் கழுவி, முழுவதும் உலர்த்தி, மணலை உதறிக் கொண்டுவர வேண்டும். ஈரச்சீலையில் ஒட்டு பிடிக்காது.

இங்ஙனம்,
குஷன் தையற் தொழிலாளி ஒருவர்,
திருகோணமலை.